பொடிசு ஏறிய கார்

எங்கள் வீட்டுக் காரைத் தேர்ந்தெடுத்தது நானும் இல்லை, என் மனைவியும் இல்லை. பொடிசுதான். பொடிசு என் மகள். குறைமாதத்தில் கையளவாகப் பிறந்தவளை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தோம். இப்போது பதினொரு வயது, அம்மாவின் தோளைத் தாண்டிவிட்டாள், பெயர் மட்டும் வளராமல் நின்றுவிட்டது. பேச மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் பக்கத்து அறையில் டியூப்லைட் கெட்டுப்போகப் போகிறது என்பது எனக்குத் தெரிவதற்கு நாலு நாள் முன்பே அவளுக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொண்டு அந்த அறையைச் சுற்றிப் போவாள். நாலாம் நாள் விளக்கு அணையும்.

அப்படிப்பட்டவளை வெளியே கூட்டிப்போவது என்றால் எங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். பேருந்தை நினைத்தே பார்க்க முடியாது. வாடகைக் காரில் மூன்று முறை முயற்சி செய்தோம். மூன்றாவது முறை கண்ணாடியில் நெற்றியை மோதிக்கொண்டாள், நாலு தையல் போட வேண்டியதாயிற்று. "சார், தப்பா நினைக்காதீங்க, இறங்கிடுங்க" என்றார் டிரைவர். தப்பாக நினைக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் முன்னாடியே இறக்கிவிட்டிருப்பேன். ஒன்பது வயது வரை ஸ்கூட்டரில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இறுக்கி உட்கார வைத்து, அவளைப் போன்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்குக் கொண்டுபோனோம். பதினாலு கிலோமீட்டர். வளர்ந்த பிறகு ஓடுகிற வண்டியில் திடீரென்று எழுந்து நிற்க ஆரம்பித்தாள். அன்றோடு பள்ளி நின்றது.

அதன்பிறகு இரண்டு வருஷம் அவள் வீட்டுக்குள்தான். இரண்டு அறை, ஒரு சமையலறை, பூட்டிய பால்கனிக் கதவு. மருந்துக்கடை கவுண்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி அதை விட்டுவிட்டு அவளோடு உள்ளே உட்கார்ந்தாள். நான் மட்டும் காலையில் வேலைக்கு ஓடிவிடுவேன். லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷமாக ஊரார் லிஃப்டுகளைச் சத்தமில்லாமல் ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. சாயங்காலம் வந்தால் இரண்டு பேரும் காலையில் விட்ட அதே இடத்தில் இருப்பார்கள். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். அதை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் செருப்பைத் தூக்கி எறிவேன்.

எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டரிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஐம்பது வயசுக் கார். உருண்டையான முதுகு, வட்ட விளக்கு, முன்னால் சோபா மாதிரி ஒரே நீள இருக்கை. விடுமுறை நாளில் அதை வெளியே எடுத்து, துடைத்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி உறை போட்டு மூடுவார். ஒரு விடுமுறைக் காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் பொடிசைக் கீழே கூட்டிப்போயிருந்தேன். கார் கதவெல்லாம் திறந்தபடி உறுமிக்கொண்டு நின்றது. என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். நான் "ஏய், ஏய்" என்று பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்த்தால், பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவை ஒட்டிய தகரத்தில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.

நாற்பது நிமிஷம் அப்படியே இருந்தாள். டாக்டர் தங்கமான மனுஷர். "பெட்ரோல் போனா போகுது சார், குழந்தை இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பிறகு மெதுவாகக் கட்டடத்தை ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். பொடிசு அசையவில்லை. முகத்தில் எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. என் மனைவி படிக்கட்டில் நின்று வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள்.

அந்தக் காரையே கேட்டுப் பார்த்தேன். "என் சம்சாரத்துக்கே என் மனசுல ரெண்டாவது எடம்தான் சார், இதைப் போய்க் கேக்கறீங்களே" என்று சிரித்தார். ஆனால் அதே மாடல் எங்கெங்கே இருக்கிறது என்று தேடிக் கொடுத்தது அவர்தான்.

நான் ஒரு பட்டியல் போட்டேன். துரு எங்கே பார்க்க வேண்டும், அடித்தட்டு எங்கே உளுத்திருக்கும், எஞ்சினைக் குளிரக் குளிர எப்படிக் கிளப்பிக் கேட்க வேண்டும் என்று இரண்டு பக்கம். என் மனைவி அதை வாங்கி மடித்து அலமாரியில் வைத்தாள்.

"அவ ஏறினா வாங்குவோம். ஏறலேன்னா வேணாம். அவ்ளோதான்."

அதில் ஒரு சிக்கல். பொடிசைக் காரிடம் கொண்டுபோக முடியாது, அதனால் காரைத்தான் பொடிசிடம் கொண்டுவர வேண்டும். விற்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. முதலில் வந்தது ஒரு ஹோட்டல்காரருடைய கார். வாசலில் அழகுக்கு நிறுத்தியிருந்தது. எல்லாம் புதுசு, கண்ணாடி மாதிரி பெயிண்ட், என் பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது. பொடிசு ஒரு சுற்று சுற்றினாள், பானட்டில் உள்ளங்கையை வைத்தாள், எடுத்தாள், மாடிக்குப் போய்விட்டாள். இரண்டாவது காரில் ஏறி ஒரு நிமிஷம் இருந்துவிட்டு இறங்கினாள். "உங்க பொண்ணு பெரிய நிபுணர் போல" என்றார் அதன் சொந்தக்காரர், கடுப்பை அடக்கிக்கொண்டு.

மூன்றாவது கார் ரிட்டயரான சர்வேயர் ஒருவருடையது. ரேடியேட்டரில் ஆவி பறக்க வந்து சேர்ந்தது. அடித்தட்டில் ஒரு ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. பிரேக் பிடித்தால் வண்டி இடதுபக்கம் இழுத்தது. கியர் மாற்றும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியது.  அது சரியாக நிற்பதற்கு முன்பே பொடிசு ஏறிவிட்டாள்.

வாங்கினோம்.

அந்த மூன்று மாதத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு அது மட்டும்தான் இருந்தது. காலை எட்டு பத்துக்குப் பொடிசு தானே செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பாள். வழி முழுக்கத் தகரத்தில் கன்னம். ஒரு சின்னச் சத்தம் கிடையாது, கை கால் ஆட்டம் கிடையாது. பள்ளி வாசலில் எஞ்சினை நிறுத்தியதும் கண்ணைத் திறந்து இறங்கி உள்ளே போய்விடுவாள். பள்ளியில் அட்டைகள் வைத்துப் பழக்கினார்கள். தண்ணீர் படம் போட்ட அட்டையைக் கொடுத்தால் தண்ணீர் கிடைக்கும், கழிப்பறை அட்டையைக் கொடுத்தால் கூட்டிப்போவார்கள். ஒரு மாதத்தில் இரண்டும் வந்தது. இரண்டாவது மாதம் ஒரு சாயங்காலம் வீட்டில் அட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், அம்மா படம் ஒட்டிய அட்டையை எடுத்துக்கொண்டுபோய் சமையலறையில் நின்ற என் மனைவியின் கையில் வைத்தாள். பதினொரு வருஷத்தில் அவள் அம்மாவைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என் மனைவி அடுப்பை அணைக்க மறந்தாள், குழம்பு அடி பிடித்தது. அன்றைக்குக் கருகியதைத்தான் சாப்பிட்டோம், உச்சி குளிர்ந்து சாப்பிட்டோம்.

என் மனைவி மருந்துக்கடையில் பாதி நாள் வேலைக்குத் திரும்பப் போனாள். தலை வாரிக்கொண்டு, கைப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது அவள் வயதில் பத்துக் குறைந்திருந்தது.

ஆனால் கார் தினசரி ஓட்டத்துக்கு வந்த கார் இல்லை. அது ஓய்வெடுக்க வேண்டிய கார். டிக்கியில் எப்போதும் நாலு கேன் தண்ணீர். மழை பெய்தால் இருமிக்கொண்டு நின்றுவிடும். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் கட்டடக் காவலாளியும் நானும் தள்ளித்தான் கிளப்புவோம். என் சூப்பர்வைசர், "உங்க காருக்கு ஒரு லிஃப்ட் வெச்சுத் தரட்டுமா?" என்று நக்கலடித்தார். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பாலத்தில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து திரும்பும்போது பாலத்தின் நடுவில் எஞ்சின் கொதித்து நின்றது. பின்னால் ஐம்பது வண்டி. ஐம்பதும் ஹாரன் அடித்தன. நான் பானட்டைத் திறந்து ஆவியில் கையைச் சுட்டுக்கொண்டு நிற்கிறேன். பொடிசு காதைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்து எதிர்ப்பக்கம் ஓடினாள். ஒரு லாரி அவளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. லாரிக்காரர் இறங்கி என்னைத் திட்டவில்லை. அவர் முகம் வெளுத்து, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அன்று சாயங்காலமே முடிவு செய்தேன். காரைத் தினசரி ஓட்டத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிடுவது.

"சரி பண்ணுங்க. ஆனா மாத்தாதீங்க" என்றாள் என் மனைவி.

"சரி பண்றதுன்னாலே மாத்தறதுதான்."

"அந்தச் சத்தம் போயிடுமோன்னு பயமா இருக்குங்க."

"எந்தச் சத்தம்? சத்தம்ங்கறது வியாதி. நான் இருபது வருஷமா அதைத்தான் குணமாக்கிட்டிருக்கேன். அவளுக்குச் சத்தம்னாலே ஆகாது, உனக்குத் தெரியாதா? இனிமே இன்னும் நிம்மதியா உட்காருவா."

"அவ ஏன் அந்தக் கார்ல மட்டும் உட்கார்றான்னு நமக்கு என்னங்க தெரியும்? தெரியாததுல கை வைக்காதீங்க."

இரண்டு நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் நான் கத்தினேன். "அப்ப குழந்தை லாரி அடியில போகட்டும்னு சொல்றியா?" அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாத மாதிரிதான் நான் கேட்டேன். அது எனக்கு அப்போதே தெரியும்.

காரைப் பார்த்த மெக்கானிக்கை எல்லாரும் சர்ஜன் என்று கூப்பிடுவார்கள். எந்த வண்டி வந்தாலும் முதலில் வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் என்ன கோளாறு என்று கேட்பார். ஆனால் இந்தத் தடவை அவர்கூட அடக்கித்தான் பேசினார்.

"ரேடியேட்டர் பெருசாப் போடலாம், பிரேக் மாத்தலாம். எஞ்சினைப் பிரிச்சு, போரிங் பண்ணி, பிஸ்டன் மாத்திட்டா இன்னும் பத்து வருஷம் அடிச்சு ஓடும் அண்ணே."

"எப்பவாவது நிக்குமா?"

"பழைய வண்டிண்ணே. எப்பவாவதுன்னா..."

"அப்ப வேணாம். புது எஞ்சின் வைங்க. நிக்கவே கூடாது."

"உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று தோளைக் குலுக்கினார்.

பள்ளியில் போய்ச் சொன்னேன். அங்கே பெரிய டீச்சர் ஒருவர், கண்டிப்பானவர், நியாயமானவர். "ரெண்டு மாசம் இடத்தை வெச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது. வரிசையில முப்பது பிள்ளைங்க இருக்காங்க" என்றார். ஏழு வாரத்தில் முடித்துவிடுவேன் என்றேன். சொன்னபடி ஏழே வாரத்தில் முடித்தேன். என்னுடைய ஒரே பெருமை அது.

விபத்தில் முகம் நசுங்கிய ஒரு புதுக் காரின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் வாங்கி உள்ளே இறக்கினோம். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பெரிய ரேடியேட்டர், மின்விசிறி, எல்லா இருக்கைக்கும் பெல்ட். லீவு போட்டு நானும் கூடவே வேலை செய்தேன். சர்ஜன் எஞ்சினை வைத்தார், மற்றதெல்லாம் என் கைவேலை. லிஃப்ட் மோட்டாருக்கு அடியில் போடுகிற கனமான ரப்பர் மெத்தைகளை அளந்து வெட்டி எஞ்சினைத் தாங்க வைத்தேன். அடித்தட்டை அடைத்து, கெட்டிக் கம்பளி விரித்தேன். நாலு கதவையும் பிரித்து, உள்பக்கத் தகரத்தில் அதிர்வை உறிஞ்சுகிற கறுப்புத் தாளை ஒரு விரற்கடை இடம் விடாமல் ஒட்டினேன். அவள் கன்னம் வைக்கிற இடத்தில் இரண்டு அடுக்கு.

இதில் என் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற எதையும் மாற்றக் கூடாது என்று சர்ஜனிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். அதே பெயிண்ட், அதே கீறல். இருக்கைக்குள் ஸ்பாஞ்சை மாற்றிவிட்டு மேலே அதே கிழிந்த உறையைத் தைத்துப் போட்டேன். பொடிசுக்கு வித்தியாசம் தெரியக் கூடாதாம். டியூப்லைட் அணைவதை நாலு நாள் முன்பே கேட்கிற பிள்ளைக்கு, பெயிண்ட் மாறினால்தான் தெரியும் என்று அவளைப் பெற்ற அப்பன் கணக்குப் போட்டிருக்கிறான்.

பழைய எஞ்சின் பட்டறை மூலையில் கிடந்தது. காயலான் கடைக்காரர் வந்தபோது, "வெச்சுக்கறீங்களாண்ணே?" என்று சர்ஜன் கேட்டார்.

"வெச்சு என்ன, தாலாட்டா பாடப் போறேன்? இடத்தை அடைக்குது, தூக்கச் சொல்லுங்க" என்றேன். இரண்டு பேர் தூக்கி வண்டியில் போட்டார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி நாள் எஞ்சினை ஓடவிட்டு, டாஷ்போர்டில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்திக் காட்டினேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் சோதிப்போம். லிஃப்ட் மேலே போய்ச் சேரும்வரை தரையில் நிறுத்திய நாணயம் விழக் கூடாது. காரில் விழவில்லை. சர்ஜன் எஞ்சின் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க பேசாம என் பட்டறைக்கு வந்துடுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

என் மனைவி கடையில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்த அந்த ஏழு வாரமும் பொடிசு காரின் புகைப்படம் ஒட்டிய அட்டையைக் கையைவிட்டு இறக்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைக் கொண்டுவந்து என் கையில் வைப்பாள். "வருது, வருது" என்பேன். அட்டையின் ஓரமெல்லாம் அவள் வியர்வையில் ஊறிப் பிரிந்துவிட்டது.

காலை எட்டு பத்துக்குக் கீழே கூட்டி வந்தோம். காரைப் பார்த்தாள். ஓடினாள். அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தானே கதவைத் திறந்து ஏறினாள், கன்னத்தைத் தகரத்தில் வைத்தாள், கண்ணை மூடினாள். நான் என் மனைவியைப் பார்த்து, எப்படி என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினேன். அவளும் சிரித்தாள். எஞ்சினைக் கிளப்பினேன்.

பொடிசு காத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். கன்னத்தை இன்னும் அழுத்தி வைத்தாள். பிறகு விரல் முட்டியால் தகரத்தைத் தட்டினாள். உள்ளே யாரையோ கூப்பிடுவதுபோல, மெதுவாக, இரண்டு தரம். பதில் இல்லை. என்னைப் பார்த்தாள். அவள் யார் முகத்தையும் நேராகப் பார்க்கிறவள் இல்லை. அன்று பார்த்தாள். கிளப்புங்கள் அப்பா என்றுதான் அதற்கு அர்த்தம். கிளப்பியாகிவிட்டது என்று அவளுக்கு நான் எந்த அட்டையைக் காட்டுவது?

"ஓட்டிப் பாருங்க, ஓடினா சரியாயிடுவா" என்றாள் என் மனைவி. அவள் குரல் மாறியிருந்தது.

ஓட்டினேன். உயிரில்லாத ஒன்று தன்னைத் தூக்கிக்கொண்டு நகருகிறது என்று தோன்றியதோ என்னவோ, வாசலைத் தாண்டுவதற்குள் பொடிசு அலறினாள். அந்த அலறலை நான் வாடகைக் காரில்கூடக் கேட்டதில்லை. பெல்ட் போட்டிருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. கன்னம் வைக்கிற இடத்திலேயே நெற்றியை மோதினாள். நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றுவதற்குள் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழற்றியதும் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டு இறங்கி ஓடினாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் இருந்தாள். காரின் அட்டை நாலாகக் கிழிந்து கூடத்தில் கிடந்தது.

என் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பாள் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் நானே, "ஏதாவது சொல்லித் தொலையேன்" என்றேன்.

"என்னங்க சொல்றது?" என்றாள். "நான் அப்பவே வாயை மூடியிருக்கக் கூடாது."

பழியில் பாதியைத் தானே எடுத்துக்கொண்டாள். என்மேல் மொத்தமாகப் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுமக்கிற தெம்பு வந்திருக்கும்.

பிறகு நான் செய்ததெல்லாம் பைத்தியக்காரத்தனம். ஒட்டிய தாள்களை நகம் பெயரப் பிய்த்தேன். ரப்பர் மெத்தைகளை எடுத்துவிட்டு எஞ்சினை இரும்போடு இரும்பாக முடுக்கினேன். சைலன்சரில் ஓட்டை போட்டேன். கார் தகர டப்பா மாதிரி அதிர்ந்தது, ஊரைக் கூட்டியது. பொடிசு ஜன்னலில் நின்று கேட்டாள், காதைப் பொத்திக்கொண்டாள், போய்விட்டாள். சத்தம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தவனுக்கு நன்றாக வேண்டும். சர்ஜன் தலையைச் சொறிந்தார். "பழைய எஞ்சின் கெடச்சா அப்படியே திருப்பி வெச்சுடலாம்ணே. அதே எஞ்சின் வேணும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி தேஞ்சிருக்கும், பாருங்க."

காயலான் கடைக்கு ஓடினேன். அங்கிருந்து இரும்பை உருக்குகிற ஆலைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆலை வாசலில் இருந்த எடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். சதுரம் சதுரமாக வார்த்து ஆறவைத்த இரும்புக் கட்டிகள், ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. "இதுல ஏதோ ஒண்ணுல இருக்கும் சார்" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே உதவி செய்கிற முகம். எந்தக் கட்டி என்று கேட்பதற்கு எனக்கு வாய் வரைக்கும் வந்தது.

மிச்சமிருந்தது பல் டாக்டருடைய கார். விஷயம் கேட்டதும் மனுஷர் சாவியை என் கையில் வைத்தார். "நீங்களே வெச்சுக்கங்க சார். குழந்தை போய்ட்டு வரட்டும். எனக்கு வாரத்துல ஒரு நாள் துடைக்க மட்டும் குடுங்க, போதும்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் காலை எட்டு பத்துக்கு அந்தக் காரை உறுமவிட்டு, கதவைத் திறந்து வைத்து, பொடிசைக் கீழே கூட்டி வந்தோம். அவள் முதன்முதலில் தானாக ஏறிய கார். அதே உறுமல். ஒரு திருகாணிகூட யாரும் தொடவில்லை.

அந்த உருண்டை முதுகைப் பார்த்ததும் பொடிசு நின்றுவிட்டாள். நடைபாதையில் உட்கார்ந்து, தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். காற்சட்டை நனைந்து தரையில் ஓடியது. டாக்டர் சட்டென்று எஞ்சினை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் காரை மட்டும் கெடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த உலகத்தில் அவள் ஏறக்கூடிய எல்லாக் கார்களையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறேன்.

இரண்டு மாதம் முடிந்ததும் டீச்சர் போன் செய்தார். வீட்டுக்கு வந்து சொல்லித்தர ஆள் இருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். "மன்னிச்சுக்கங்க, சார்" என்றார். அந்த இடத்தில் இப்போது வேறு ஒரு பிள்ளை உட்கார்கிறது. உட்காரட்டும், அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது. என் மனைவி மருந்துக்கடைக்குப் போன் செய்து இனி வர முடியாது என்று சொன்னாள். நான் அப்போது குளியலறையில் இருந்தேன். குழாயை மூடாமல் அப்படியே நின்றேன்.

கார் என்னிடம்தான் இருக்கிறது. தாளெல்லாம் பிய்த்த பிறகும் அருமையாக ஓடுகிறது. மழையில் நிற்பதில்லை, பாலத்தில் கொதிப்பதில்லை. தினமும் வேலைக்கு அதில்தான் போகிறேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் கண்ணாடியை இறக்கி, "சூப்பரா வெச்சிருக்கீங்க சார்" என்கிறார்கள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறேன். விற்றுவிடலாம்தான். விற்கிற அன்றைக்கு நிம்மதியாகிவிடுவேனோ என்ற பயத்தில் விற்காமல் வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு காலை, காபி குடித்துக்கொண்டிருந்தேன். பொடிசு செருப்பை மாட்டிக்கொண்டு வந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்தாள். சுவரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினாள். மணி எட்டு பத்து. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறந்ததிலிருந்து அழுகையும் அலறலும் தவிர அவளிடமிருந்து ஒரு சத்தம் நாங்கள் கேட்டதில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். முதலில் இருமல், இரண்டு தரம். பிறகு உறுமல். பிறகு முதல் கியர். இரண்டாவது கியருக்கு மாறும்போது அந்த வயிற்றுமுனகல். அப்படியே அந்த எஞ்சின். உருக்கி ஊற்றிய எஞ்சின்.

நான் டம்ளரோடு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரிந்தது. கட்டட வாசல், வேகத்தடை, மருந்துக்கடைத் திருப்பம், பெரிய சிக்னல், பாலத்தின் ஏற்றத்தில் திணறல், இறக்கத்தில் விட்டுப்பிடித்தல். முப்பத்தைந்து நிமிஷம். கடைசியில் நிறுத்தினாள், கண்ணைத் திறந்தாள், எழுந்து போய் வாசல் கதவுக்கு முன்னால் நின்றாள். என் மனைவி என்ன செய்வதென்று தெரியாமல் கதவைத் திறந்தாள். வெளியே எங்கள் மாடியின் நடைவழி. எதிர்வீட்டுக் கதவு, மிதியடி, குடைகள். பொடிசு அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

அதிலிருந்து தினமும் போகிறாள். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறோம். சூப்பர்வைசரிடம் காலையில் தாமதமாக வர அனுமதி வாங்கிவிட்டேன். ஒரு நாள் நானும் சேர்ந்து அந்தச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். உள்ளங்கையால் என் வாயை மூடினாள்.

இரண்டு வாரமாகச் சத்தம் தேய்கிறது. இருமல் போய்விட்டது. இரண்டாவது கியரின் முனகல் சில நாள் வருகிறது, சில நாள் இல்லை. போன வாரம் பாலம் ஏறவில்லை. அவளுக்கு மறக்கிறது. அவளுக்கு எடுத்துக்கொடுக்க அந்தச் சத்தம் உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை.

நேற்று பெரிய சிக்னலில் நிறுத்தினாள். நானும் என் மனைவியும் அரைமணி நேரம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். அவள் மறுபடி கிளப்பவில்லை.